ஊற்றடி வளைவு

லெர்ஹெக் என்ற மலையூரில் பனிச் சறுக்குவண்டி ஓட்டுகிறவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் பொய் சொல்லலாம், காசியனிடம் மட்டும் சொல்ல முடியாது. "நான் பிரேக்கே போடலை" என்று சத்தியம் செய்து பார்க்கலாம். அவன் பதில் பேசமாட்டான். கைத்தடியை ஊன்றிக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்துக் காட்டுப் பாதையில் ஏறிப் போவான். குனிந்து பனியைப் பார்ப்பான். திரும்பி வந்து, "மூணாவது வளைவுக்கு முன்னாடி, வலது கால், ரெண்டு மீட்டர்" என்பான். அத்தோடு வழக்கு முடிந்தது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. வண்டிக்கு பிரேக் என்று தனியாக எதுவும் கிடையாது, ஓட்டுகிறவரின் கால்தான் பிரேக். பூட்ஸின் அடியில் ஆணி அடித்திருக்கும். காலை அழுத்தினால் ஆணி பனியைக் கீறும். யார் எத்தனை ஆணி வைத்திருக்கிறார்கள், எந்த ஆணி மழுங்கியிருக்கிறது என்பதெல்லாம் காசியனுக்கு மனப்பாடம். எட்டு வருடமாகப் பயிற்சியாளராக இருப்பவனுக்கு அதுகூடத் தெரியாவிட்டால் சம்பளம் எதற்கு?

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவன் ஊற்றடி வளைவுக்கு மேலே குனிந்து நின்றான். மறுநாள் பள்ளத்தாக்குக் கோப்பைப் பந்தயம், சொந்த ஊரில், சொந்தத் தடத்தில். காலையில் கடைசிப் பயிற்சி முடிந்திருந்தது. பனியில் ஆறு கீறல்கள் பக்கம் பக்கமாக ஓடின. அவற்றில் ஒன்று மற்றவற்றைவிட மெல்லியது. ஆறு ஆணியில் ஒன்று மழுங்கியது ரோமெத்தின் வலது பூட்ஸ். காசியனின் மச்சான். அவன் தங்கை ஒட்டிலியின் புருஷன்.

கீழே முடிவுக் கோட்டில் கேட்டபோது ரோமெத் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"பிரேக்கா? நானா? ஏதாவது எலி பிராண்டியிருக்கும் மச்சான்."

"ஆறு ஆணி வெச்ச எலியா?"

"இந்தக் காட்டுல எல்லா மாதிரி எலியும் இருக்கு" என்று சொல்லிவிட்டு ரோமெத் மாட்டைப் பார்க்கப் போய்விட்டான்.

வேறு ஓட்டக்காரனாக இருந்தால் காசியன் விட்டிருக்க மாட்டான். ரோமெத் என்பதால் விட்டான். ஏன் விட்டான் என்பதுதான் இந்தக் கதை.

ரோமெத்தும் காசியனும் ஒரே வயது, ஒரே வகுப்பு, ஒரே வண்டி. பதினேழு வயதில் இரட்டையர் வண்டியில் ஏறினார்கள். முன்னால் ரோமெத், வாரைப் பிடித்து வண்டியைத் திருப்புகிறவன். பின்னால் காசியன், முன்னவனின் முதுகை நெஞ்சில் தாங்கிக்கொண்டு, உடம்பை மட்டும் சாய்த்துக் கொடுக்கிறவன். பின்னால் இருப்பவன் முன்னவன் கூப்பிடாமல் கால் வைக்கக் கூடாது. எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் அதை மீறியவனோடு யாரும் இரண்டாம் முறை வண்டியில் ஏற மாட்டார்கள். பதினெட்டு வருடம் அப்படி ஓட்டினார்கள். மாகாணப் பதக்கம் ஏழு. ஒருமுறை ஐரோப்பியப் போட்டியில் வெண்கலம். அந்த வெண்கலம் இன்னும் ஊர் உணவு விடுதியில் மான் கொம்புக்குக் கீழே தொங்குகிறது, ஈ எச்சத்தோடு.

அப்புறம் ஊற்றடி வளைவில் அந்த விபத்து.

அந்த வளைவில் பாறைக்குள் ஓர் ஊற்று இருக்கிறது. எவ்வளவு குளிரிலும் கொஞ்சம் கசியும். அதனால் அங்கே மட்டும் பனி கறுத்து, கண்ணாடி மாதிரி மின்னும். அதன்மேல் வண்டியைத் தன் போக்கில் விட வேண்டும். யாராவது கால் வைத்தால் வண்டி வெளிப்பக்கம் வீசிவிடும். அன்று வீசியது. வளைவுக்கு வெளியே நிறுத்தியிருந்த மரப்பலகையில் மோதியது. ரோமெத்துக்கு ஒரு பல் போனது. காசியனின் இடது கால் வண்டிக்கும் பலகைக்கும் நடுவில் சிக்கி மூன்று இடத்தில் உடைந்தது.

லெர்ஹெக்கில் ஒரு வழக்கம் உண்டு. இரட்டையர் வண்டியில் தப்பு செய்தவன், ஓட்டம் முடிந்ததும் வண்டியைத் தனியாகத் தோளில் போட்டுக்கொண்டு முடிவுக் கோட்டிலிருந்து விடுதி வரை மேட்டில் நடக்க வேண்டும். நானூறு மீட்டர் ஏற்றம், இருபது கிலோவுக்கு மேல் கனம். யாரும் உதவக் கூடாது. விடுதி வாசலில் வண்டியை இறக்கிவிட்டால் அந்தத் தப்பு அத்தோடு தீர்ந்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது. பந்தயத்துக்குப் பிறகு அடித்துக்கொள்ளாமல் இருக்க முன்னோர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான்.

விபத்து நடந்த மூன்றாம் நாள் ரோமெத் மருத்துவமனைக்கு வந்தான். தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு கட்டிலருகே நின்றான்.

"வாரை லேட்டா இழுத்துட்டேன் மச்சான். என் தப்புதான். உடைஞ்ச வண்டியைச் சுமந்துட்டேன். ஊரே பார்த்துச்சு."

காசியன் வாயைத் திறந்தான். வலி மருந்தில் நாக்கு தடித்திருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று மூடிக்கொண்டான். நாளை ஆனபோது வழக்கம் குறுக்கே வந்து நின்றது. சுமந்தாகிவிட்டதே, இனி பேசக் கூடாதே. ஒளிந்துகொள்ள இதைவிட வசதியான இடம் கிடைக்குமா? எட்டு வருடம் அதற்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான்.

ஏனென்றால் அன்று கால் வைத்தவன் அவன்தான். ரோமெத் கூப்பிடவில்லை. வாரும் சரியான நேரத்தில்தான் இறுகியது. ஆயிரம் தடவை போன வளைவு. அன்று மட்டும் அந்தக் கறுத்த பனியைப் பார்த்ததும் இடது கால் தானாக இறங்கியது. வேறு காரணம் ஒன்றும் கிடையாது, பயந்துவிட்டான். அன்று சாயங்காலமே தடத்தைச் செப்பனிட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டார்கள். கீறல் பனிக்கு அடியில் போய்விட்டது.

ஊர் அவனைப் பரிதாபப்பட்டுப் பயிற்சியாளர் ஆக்கியது. கெட்டிக்காரப் பயிற்சியாளன் என்பது போகப் போகத் தெரிந்தது. இப்போது மாகாண அணியே அவன் கையில். வண்டியில் முதல்முதலாக ஏற்றும் பிள்ளைகளுக்கு அவன் சொல்லும் முதல் பாடம், "ஊத்தடியில கால் வைக்காதே." தொண்டை கிழியக் கத்துவான். அந்தச் சத்தத்தில் வேறு ஏதோ இருக்கிறது என்று யாருக்கும் தோன்றியதில்லை.

ரோமெத்தின் பின்னால் உட்கார அதற்குப் பிறகு ஆள் கிடைக்கவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை, சொல்லக் கூடாதே. ஆனால் கேட்டபோது ஒருவனுக்கு இடுப்பு வலி, ஒருவனுக்கு வைக்கோல் வேலை, ஒருவனுக்குப் பனிக்காலத்தில் மாமியார் வருகை. கடைசியில் ஒட்டிலி தன் ஒற்றையர் வண்டியைப் பரணில் ஏற்றிவிட்டு, "நகரு, நான் உக்கார்றேன்" என்று புருஷனின் பின்னால் ஏறினாள். கலப்பு இரட்டையர் பந்தயத்தில் ஏழு குளிர்காலமாக ஓடுகிறார்கள்.

இப்போது அவள் தடத்தின் ஓரமாக ஏறி வந்துகொண்டிருந்தாள். காசியன் மறுபடி ஊற்றடிக்கு வந்து, கீறலிலிருந்து வளைவு வரை கைத்தடியால் தூரத்தை அளந்துகொண்டிருந்தான்.

"எத்தனை மீட்டர் அண்ணே?"

"இருபத்திரண்டு."

"போன வருஷம் பதினஞ்சு. இப்படியே போனா அடுத்த வருஷம் வீட்டு வாசல்லயே பிரேக் போட்டுருவான்."

காசியன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"ஆனா அடுத்த வருஷம் கிடையாது. நாளையோட வண்டியைப் பரண்ல போடப் போறானாம்."

"ஏன்?"

"‘உங்க அண்ணனை உடைச்சேன், உன்னையும் உடைக்க மாட்டேன்’ங்கிறான். இந்த வளைவு வரும்போது மூச்சை நிறுத்திடறான் அண்ணே. அவன் முதுகு என் நெஞ்சுலதானே கிடக்கு, எனக்குத் தெரியாதா? ஏழு வருஷமா நானும் கூடவே மூச்சை நிறுத்தறேன்."

காசியன் தடியின் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எனக்குக் கோப்பை வேண்டாம்" என்றாள் ஒட்டிலி. "இருக்கிற கோப்பையிலேயே கோழிக்குத் தண்ணி வெக்கிறேன். வண்டியை விடணும்னா விடட்டும், வயசாச்சு. ஆனா தான் ஒரு மோசமான ஓட்டக்காரன்னு நம்பிக்கிட்டு இறங்கக் கூடாது. நீதானே கோச். ஏதாவது சொல்லேன். நீ சொன்னா கேப்பான்."

என்ன சொன்னால் ரோமெத் கேட்பான் என்று காசியனுக்குத் துல்லியமாகத் தெரியும். மூன்றே வார்த்தை. அதைச் சொன்னால் என்ன போகும் என்பதும் தெரியும். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தீயணைப்பு நிலையத்துக்கு மேலே ஓர் அறை, ஓர் அடுப்பு, ஒரு கட்டில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தங்கை வீட்டு மேசையில் அவனுக்கென்று ஒரு நாற்காலி. ரோமெத் பிடித்துப் போடும் ரொட்டி உருண்டைகள், பார்லி சூப், சாப்பிட்டபின் ஆளுக்கொரு பக்கம் பெஞ்சில் சாய்ந்து குறட்டை. அவனுக்கு உலகத்தில் இருந்த குடும்பம் அந்த ஒரு மேசைதான்.

"பார்க்கறேன்" என்றான்.

ஒட்டிலி அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். "எல்லாத்தையும் பார்த்துக்கிட்டேதான் இருக்கே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

சாயங்காலம் பால் கறக்கிற நேரத்துக்கு முன்னால் காசியன் மாட்டுக் கொட்டகைக்குப் போனான். ரோமெத் வண்டியைத் தலைகீழாகப் போட்டு, அடிப்பட்டையின் எஃகை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். பரணில் போடப் போகிற வண்டிக்கு இத்தனை தேய்ப்பு எதற்கு?

"மச்சான், ஒண்ணு சொல்லணும்."

"இருபத்திரண்டு மீட்டர். ஒட்டிலி சொல்லிட்டா."

"அது இல்ல. அன்னிக்கு நீ வாரை லேட்டா இழுக்கல."

"சுமந்தாச்சு. அதைப் பேசக் கூடாது."

"நீ சுமந்திருக்கவே கூடாது. கால் வெச்சது நான்."

உப்புத்தாள் நின்றது. ரோமெத் நிமிரவில்லை.

"எங்க?"

"ஊத்து மேலயே. கறுப்பா மின்னுமே, அங்க."

"எந்தக் கால்?"

காசியன் தடியால் இடது காலைத் தட்டிக் காட்டினான்.

"நான் கூப்பிட்டேனா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு வெச்சே?"

"பயந்துட்டேன்."

ரோமெத் உப்புத்தாளை நான்காக மடித்து ஜன்னல் திட்டில் வைத்தான். கையைத் துணியில் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

"எட்டு வருஷம்" என்றான். "ஞாயித்துக்கிழமை தவறாம என் மேசையில உக்காந்தே. சூப்புல உப்பு பத்தலைன்னு சொல்லத் தெரிஞ்சுது. இதைச் சொல்லத் தெரியல."

ரோமெத் துணியைக் கொக்கியில் மாட்டினான்.

"வெளிய போ. மாடு மிரளுது."

மாடுகள் பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருந்தன. காசியன் வெளியே வந்தான்.

ஞாயிறு காலை மைனஸ் பதினொன்று. பனி கல்லாக இருந்தது. இரண்டு ஓட்டம், இரண்டு நேரத்தையும் கூட்டி வெற்றி. தொடங்கும் மேடையில் ஒவ்வொரு ஜோடியின் தலைக்கவசத்தையும் தட்டிக் கொடுத்து அனுப்புவது காசியனின் பழக்கம். ரோமெத்திடம் வந்து கையை நீட்டினான். ரோமெத் தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். பின்னால் ஒட்டிலிக்குக் கண் சிவந்திருந்தது. அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"அண்ணே" என்றாள் மெல்ல. "கீழ போ. ஊத்தடியில போய் நில்லு."

போகச் சொன்னது துரத்துவதற்கா, பார்ப்பதற்கா என்று காசியனுக்குப் புரியவில்லை. இறங்கிப் போய், அன்று வண்டி மோதிய பலகைக்கு அருகிலேயே நின்றான்.

முதலில் சத்தம்தான் வரும். பனியை எஃகு உரசும் சத்தம், தூரத்தில் யாரோ துணி கிழிப்பதுபோல. ஆணி இறங்கினால் அந்தச் சத்தத்தில் ஒரு கரகரப்பு சேரும். காசியன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். இருபத்திரண்டு மீட்டர் தாண்டியது. கரகரப்பு இல்லை. பதினைந்து. இல்லை. கண்ணைத் திறந்தபோது வண்டி கறுத்த பனிமேல் இருந்தது. ரோமெத் வாரை இழுத்தான், எட்டு வருடத்துக்கு முன்னால் இழுத்த அதே இடத்தில், அதே அளவு. ஒட்டிலி அவன் முதுகோடு ஒட்டிச் சாய்ந்தாள். வண்டி பலகைக்கு ஒரு சாண் உள்ளே வளைந்து, காசியனின் முகத்தில் பனித்தூளை அடித்துவிட்டுப் போயிற்று. வளைவு தாண்டியதும் அவள் சத்தம் கேட்டது. அது வார்த்தையில்லை, வெறும் கூவல். ஏழு வருடமாக அடக்கிய மூச்சு.

இரண்டாம் ஓட்டத்திலும் அப்படித்தான். அவர்கள் போனபின் காசியன் தடத்தில் இறங்கி, கையுறையைக் கழற்றி, வளைவுக்கு மேலே இருபது மீட்டருக்கும் பனியைத் தடவிப் பார்த்தான். ரோமெத்தின் கீறல் ஒன்றுகூட இல்லை. அவன் அங்கேயே மண்டியிட்டு அழுதான். எவ்வளவு நல்ல ஓட்டக்காரனை எத்தனை வருடம் கெடுத்து வைத்திருந்தான்! அடுத்த வண்டி வரப்போகிறது என்று தடக் காவலர் விசில் ஊதிய பிறகுதான் எழுந்தான்.

கோப்பை பக்கத்துப் பள்ளத்தாக்கு ஜோடிக்குப் போனது, ஒரு விநாடியில் நூற்றில் ஒன்பது பங்கு வித்தியாசத்தில். ரோமெத்தும் ஒட்டிலியும் இரண்டாமிடம். காசியன் நொண்டி நொண்டி முடிவுக் கோட்டுக்கு வந்தபோது ஊரே அங்கே நின்றது. மீன் சந்தைபோலக் கூச்சல் என்று நம் பக்கத்தில் சொல்வோமே, அந்த அளவு. ரோமெத் அவனைப் பார்த்தான். வண்டியைத் தூக்கினான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேரே அவனிடம் வந்து, வண்டியின் வாரை அவன் தோளில் மாட்டினான்.

கூச்சல் அடங்கியது. தோளில் வண்டி ஏறினால் என்ன அர்த்தம் என்று லெர்ஹெக்கில் தெரியாதவர் இல்லை.

நேரம் அறிவிக்கிற ஆல்ஃபோன்ஸ் ஒலிபெருக்கியை வாயிலிருந்து எடுக்க மறந்துவிட்டான். அவன் சந்தேகம் காடு முழுக்கக் கேட்டது.

"காசியன் எதுக்குய்யா சுமக்கணும்? அவன் வண்டியிலயே இல்லையே?"

ரோமெத் ஒன்றும் சொல்லவில்லை. ஒட்டிலியும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

"இன்னிக்கு இல்ல" என்றான் காசியன். பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்கவில்லை, மறுபடி சத்தமாகச் சொன்னான். "எட்டு வருஷத்துக்கு முன்னாடி இருந்தேன். ஊத்தடியில கால் வெச்சது நான். ரோமெத் இல்ல. அவன் ஓட்டினதுல ஒரு தப்பும் இல்ல."

இடுப்பு வலிக்காரன் தரையைப் பார்த்தான். மாமியார் வருகைக்காரன் தொப்பியைக் கழற்றினான்.

காசியன் வண்டியைத் தோளில் சரிசெய்துகொண்டு நடக்கத் தொடங்கினான். நல்ல காலோடு சுமப்பதே கஷ்டம். நூறு மீட்டரில் இடது கால் நடுங்கியது. இருநூறில் தடி வழுக்கி ஒரு முட்டி தரையில் விழுந்தது. கூட்டத்திலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

"தொடாதீங்க!" ரோமெத் கத்தினான். "அது அவனோடது."

ஆனால் அவன் நகரவும் இல்லை. காசியன் எழுந்திருக்கும்வரை பக்கத்திலேயே நின்றான். எழுந்ததும் கூடவே நடந்தான். காசியன் ஓர் அடி வைத்தால் அவனும் ஓர் அடி. காசியன் நின்றால் அவனும் நின்றான். ஒட்டிலி இரண்டு தலைக்கவசங்களையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வழுக்கினால் பிடிக்கிற தூரத்தில் பின்னால் வந்தாள். இப்படியே மூன்று பேரும் அந்த ஏற்றத்தை அரை மணி நேரம் ஏறினார்கள். மேலே வரவர காசியனுக்கு மூச்சு இரைத்தது, கண்ணிலிருந்து வழிந்தது கன்னத்திலேயே உறைந்தது. துடைக்கக் கையில்லை.

"அவசரமில்ல மச்சான்" என்றான் ரோமெத், முன்னால் பார்த்தபடியே. அந்த நாளில் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

விடுதி வாசலில் காசியன் வண்டியை இறக்கினான். தோள் விடுபட்டதும் நிற்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டான். ரோமெத் குனிந்து வண்டியைப் புரட்டி, அடிப்பட்டையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். ஏதோ ஒரு நெளிவைக் கண்டுபிடித்து உச்சுக்கொட்டினான்.

"இதை நாளைக்குத் தேய்க்கணும்" என்றான். "அடுத்த வருஷத்துக்கு இது இப்படி இருக்கக் கூடாது."

பிறகு வண்டியைச் சுவரில் சாய்த்தான். உள்ளே ஓட்டக்காரர்களுக்குச் சூப் பரிமாறியிருந்தார்கள். கதவைத் தோளால் தள்ளித் திறந்து, காசியன் நொண்டி நுழையும்வரை பிடித்துக்கொண்டு நின்றான்.

"உள்ள வா. சூப் ஆறுது. உப்பு பத்தலைன்னா இப்பவே சொல்லிடு."